பெரணி நட்டால் பாலாற்று மண் தெளியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடிப் பக்கம் பூர்வீக நிலம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் வாய்க்கால் வழியே பாய்ந்ததில் நெல்லும் தென்னையும் போய், இப்போது தரிசாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் ஒரு மண்ணியல் விஞ்ஞானி பெரணிச் செடியைக் கொண்டு மண்ணிலிருந்த நஞ்சை எடுத்துக் காட்டினார், வேரில் வாழும் பூஞ்சை அதற்குத் துணை நின்றது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அதே பெரணியையும் பூஞ்சையையும் கொண்டுவந்தால் நிலம் மறுபடி விளையுமா என்று கேட்கிறீர்கள்.

அந்தப் பெரணி உங்கள் நிலத்துக்குப் பயன்படாது. பூஞ்சை பயன்படும், நஞ்சை வெளியே எடுக்க இல்லை, வேரோடு நிறுத்திவைக்க. காரணம் தெரியாமல் யாரோ சொன்னார்கள் என்று பல ஆண்டு உழைப்பை ஒரு நிலத்தில் போடக் கூடாது. அதனால் அந்த ஆய்விலிருந்தே தொடங்குகிறேன்.

விஞ்ஞானியின் பெயர் லீனா மா. புளோரிடா பல்கலைக்கழகத்தில் மண் வேதியியலை ஆராய்ந்தவர். மத்திய புளோரிடாவில் கைவிடப்பட்ட ஒரு மரப் பதப்படுத்தும் தளத்தை அவருடைய குழு ஆராய்ந்தது. கரையான் அரிக்காமலும் உளுத்துப் போகாமலும் இருக்க, குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கரைசலை மரத்தில் ஏற்றுவது அங்கே வழக்கமாக இருந்தது. மரத்திலிருந்து சொட்டியதெல்லாம் மண்ணில் தங்கிவிட்டது. அந்த மண்ணிலும் சில செடிகள் முளைத்துத் தழைத்திருந்தன. அவற்றைப் பறித்து, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து அளந்தபோது ஒரு பெரணியின் எண் மட்டும் தனியாக நின்றது. 2001 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அந்த முடிவு வெளியானது. செடியின் அறிவியல் பெயர் டெரிஸ் விட்டாட்டா. கிலோவுக்கு 1,500 மில்லிகிராம் ஆர்சனிக் கலந்த மண்ணில் இரண்டே வாரம் வளர்ந்ததும் அதன் இலையில் கிலோவுக்கு 15,861 மில்லிகிராம் சேர்ந்திருந்தது. உச்ச அளவு, உலர்ந்த இலை எடையில் 2.3 சதவீதம். ஆர்சனிக்கை இப்படி அள்ளிச் சேர்க்கும் தாவரம் ஒன்று உண்டு என்று உலகம் அறிந்தது அப்போதுதான். சீனாவில் சென் டோங்பின் குழுவும் அதே காலத்தில் தனியாக இதே பெரணியைக் கண்டறிந்து, ஹூனான் மாகாணத்தின் சென்ஜோவில் வயலிலேயே நட்டுப் பார்த்தது.

இந்தப் பெரணியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரிலும், கிணற்றின் உள்சுவரிலும், செங்கல் பாலங்களின் இடுக்கிலும் தானாக முளைக்கும். நீண்ட நடு ஈர்க்கு, இருபுறமும் ஒல்லியான சிற்றிலைகள். முற்றிய இலையைத் திருப்பினால் விளிம்பு நெடுகப் பழுப்புக் கோடு தெரியும், அதுதான் வித்துத்தூள். ஆசியாவில் இயல்பாக வளரும் செடி இது. புளோரிடாவுக்குத்தான் வந்து குடியேறியது. ஆகவே யாராவது 'மண் சுத்திகரிப்புப் பெரணி' என்று அதிக விலைக்கு நாற்று விற்றால் வாங்க வேண்டாம்.

ஆர்சனிக் செடிக்குள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பூஞ்சையின் பங்கும் விளங்கிவிடும். காற்றோட்டமுள்ள மண்ணில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனேட் வடிவில் இருக்கும். ஆர்சனேட்டின் அமைப்பு பாஸ்பேட்டின், அதாவது செடி எடுக்கும் மணிச்சத்தின், அமைப்பை ஒத்தது. வேர் மணிச்சத்துக்காகத் திறந்து வைத்திருக்கும் வழியில் ஆர்சனேட்டும் சேர்ந்து நுழைந்துவிடுகிறது. மற்றச் செடிகள் இங்கேயே நலிந்துபோகும். பெரணி அந்த ஆர்சனேட்டை ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவமாக மாற்றி, இலைக்கு ஏற்றி, இலைச் செல்லின் நுண்குமிழுக்குள் அடைத்துவிடுகிறது. அடைக்கும் வேலையைச் செய்யும் புரதத்தை 2010-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜோடி பேங்க்ஸ், டேவிட் சால்ட் ஆகியோரின் குழு அடையாளம் கண்டது. அதற்கு ஏசிஆர்3 என்று பெயர். ஈஸ்ட்டில் அதன் இனப் புரதம் இருக்கிறது; பூக்கும் தாவரங்களில் இல்லை. பரிணாமப் பாதையில் எங்கோ அவை அதை இழந்துவிட்டன. ஆர்சனிக் மண்ணில் சூரியகாந்தியோ சாமந்தியோ நட்டால் பெரணி செய்ததைச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இனி வேர்ப்பூஞ்சை. உரக்கடையில் 'வேம்' என்று கேட்டு வாங்குவதும், வேளாண் துறை வேர் உட்பூசணம் என்று எழுதுவதும் இதைத்தான். வேரும் பூஞ்சையும் கூடி வாழும் இந்த உறவுக்கு 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் பெயரிட்டார். உறவு மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில், இன்றைய பொருளில் வேரே இல்லாத ஆதி நிலத் தாவரங்களின் உடலுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை தெரிகிறது.

ஆய்வகத்தில் இதைப் பார்க்கும் முறை எளியது. சோளச் செடியின் மெல்லிய வேர்களைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறம் போக்கி, டிரிப்பான் நீலச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் மெல்ல அழுத்தி உருப்பெருக்கியில் வைக்க வேண்டும். வேர் வெளுத்துக் கண்ணாடி போலாகிவிடும். பூஞ்சை மட்டும் நீலமாக நிற்கும். செல்களுக்கு இடையே நீல இழைகள் ஓடுவதையும், ஒவ்வோர் இழையும் ஒரு செல்லுக்குள் நுழைந்து கிளைகிளையாகப் பிரிந்து சிறு புதராகிச் செல்லையே நிரப்புவதையும் காணலாம். கொடுக்கல் வாங்கல் நடப்பது அந்தப் புதரில்தான். மண்ணில் வேர் எட்டாத தூரத்திலிருந்து பூஞ்சை கொண்டுவந்த மணிச்சத்து செடிக்குப் போகிறது. செடியின் சர்க்கரையும் கொழுப்பும் பூஞ்சைக்கு வருகின்றன. முதல் முறை பார்ப்பவர்கள் உருப்பெருக்கியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். வேர் என்று நாம் சொல்வது தனியாக வேர் மட்டும் இல்லை என்பது கண்ணெதிரே தெரிகிற இடம் அது.

மணிச்சத்து வரும் வழியும் ஆர்சனிக் வரும் வழியும் ஒன்று என்றால், மணிச்சத்தைக் கொண்டுவரும் பூஞ்சை ஆர்சனிக்கையும் சேர்த்துக் கொண்டுவந்து செடியைக் கொல்ல வேண்டுமே? நியாயமான சந்தேகம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற பழைய சுரங்கம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் தாமிரமும் பின்னர் ஆர்சனிக்கும் எடுத்த இடம். அதன் கழிவு மண்ணில் ஹோல்கஸ் லனாட்டஸ் என்ற புல் வளர்கிறது. அந்தப் புல்லையும் அந்த மண்ணின் பூஞ்சையையும் ஆண்ட்ரூ மெஹார்க் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். பூஞ்சை குடியேறிய வேர், தன் சொந்தப் பாஸ்பேட் வழியைச் சுருக்கிக்கொள்கிறது. மணிச்சத்து பூஞ்சை மூலம் வந்துவிடுவதால் அந்த வழியை அகலத் திறந்து வைக்கத் தேவையில்லை. வழி சுருங்கியதும் ஆர்சனேட் உள்ளே வருவதும் குறைகிறது. இந்தப் புல்லுக்குப் பூஞ்சை ஒரு காப்பு.

லீனா மா, பூஞ்சை ஆய்வாளர் டேவிட் சில்வியா ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் பெரணியோடு வேர்ப்பூஞ்சையைச் சேர்த்தபோது நேர்மாறாக நடந்தது. பூஞ்சை சேர்ந்த பெரணி கூடுதலாக வளர்ந்தது. ஆர்சனிக்கையும் கூடுதலாக எடுத்தது. புல்லில் ஆர்சனிக்கைத் தடுத்த அதே வகைப் பூஞ்சை உறவு, பெரணியில் ஏற்றிவிட்டிருக்கிறது. மூன்றாவது உதாரணம் இன்னும் பழையது. பிராட்லி, பர்ட், டேவிட் ரீட் ஆகியோர் 1981-இல் ஹெதர் என்ற ஐரோப்பியப் புதர்ச்செடியில் காட்டியது: தாமிரமும் துத்தநாகமும் மிகுந்த மண்ணில் பூஞ்சை இல்லாத செடி வாடியது, பூஞ்சை உள்ள செடி தழைத்தது, உலோகம் இலைக்கு ஏறாமல் வேரிலேயே நின்றுவிட்டது. அங்கே இருப்பது வேறு வகைப் பூஞ்சை, வேலையும் வேறு.

'பூஞ்சை மண்ணைச் சுத்தம் செய்யும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் வருவது இதனால்தான். எந்தச் செடி, எந்தப் பூஞ்சை, எந்த உலோகம், அந்த உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்ற நான்கும் தெரியாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை. ஒரு சேர்க்கை நஞ்சை இலைக்கு ஏற்றும், மற்றொன்று வேரில் நிறுத்தும். உணவுப் பயிர் வைக்கிறவருக்கு முதலாவது கேடு, இரண்டாவது நன்மை. நிலத்தைச் சுத்தம் செய்ய நினைப்பவருக்கு அது தலைகீழ்.

பெரணியால் ஆர்சனிக் மண்ணையாவது முழுதாகச் சுத்தம் செய்துவிட முடியுமா என்றால், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரின் மேல் 20 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ ஆயிரம் டன் இருக்கும். அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்து, அதை 20-க்குக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வெளியேற வேண்டியது 30 கிலோ ஆர்சனிக். ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு டன் உலர் இலை அறுத்து, இலையில் கிலோவுக்கு இரண்டரை கிராம் இருந்தால் ஆண்டுக்கு இரண்டரை கிலோதான் போகும். பன்னிரண்டு ஆண்டுகள். மண்ணில் ஆர்சனிக் குறையக் குறைய, இலையில் சேர்வதும் குறையும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். லீனா மா குழு புளோரிடாத் தளத்திலேயே பெரணியை நட்டு இரண்டு ஆண்டுகள் அளந்ததில் மேல்மண்ணின் சராசரி ஆர்சனிக் 190-லிருந்து 140 மில்லிகிராமுக்கு இறங்கியது. இது பெரிய வெற்றி. நேர்மையாக அளந்து வெளியிட்ட எண். ஆனால் 140 என்பது இன்னும் பயிர் வைக்கும் மண் இல்லை.

அறுத்த இலையை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். செடி உலோகத்தை அழிப்பதில்லை. ஆர்சனிக் ஒரு தனிமம். எந்த உயிராலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது, இடம் மாற்றலாம், வடிவம் மாற்றலாம், அவ்வளவே. இரண்டு சதவீத ஆர்சனிக் உள்ள இலை அபாயகரமான கழிவு. நம் ஊரில் சருகைக் கூட்டிக் கொளுத்துவது இயல்பான பழக்கம். இந்த இலையைக் கொளுத்தினால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையோடு கிளம்பிக் கொளுத்தியவரின் மூச்சில்தான் போய்ச் சேரும். எருக்குழியில் போட்டால் மழைநீரோடு கரைந்து மறுபடி மண்ணுக்கு வரும். அறுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க அபாயக் கழிவு மையத்துடன் ஏற்பாடு இல்லாதவர் பெரணியை நடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செடியைக் கொண்டு மண்ணைச் சுத்தம் செய்யும் இந்தத் துறையில் அவசரப்பட்டுக் கெட்ட கதைகள் இருக்கின்றன. 1990-களில் காரீயம் கலந்த மண்ணில் கடுகுச் செடியை நட்டு, காரீயம் கரைந்து வேருக்குள் போவதற்காக ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை ஊற்றினார்கள். காரீயம் கரைந்தது, செடி எடுத்ததுபோக மிஞ்சியது நிலத்தடி நீரை நோக்கி இறங்கியது. அந்த முறை மதிப்பிழந்தது. 2011-இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானில் ஊர் ஊராகச் சூரியகாந்தி நட்டார்கள். 1986-இல் அணு உலை வெடித்த செர்னோபில் அருகே சூரியகாந்தி வேர்கள் குளத்து நீரிலிருந்து கதிரியக்கப் பொருளை எடுத்தது உண்மை. ஆனால் அது நீர். மண்ணில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் களிமண் தகடுகளின் இடுக்கில் சிக்கிக்கொள்ளும், வேருக்கு எட்டாது. ஜப்பான் வேளாண் அமைச்சகம் அளந்தபோது சூரியகாந்தி எடுத்தது மண்ணிலிருந்த சீசியத்தில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கு. பிறகு மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள்.

முறையாகப் பலன் தந்தது என்று மனமாரச் சொல்லக்கூடியது நிக்கல். தென் பசிபிக்கில் நியூ கலிடோனியாத் தீவில் பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா என்ற மரம் இருக்கிறது. அதன் பட்டையைக் கீறினால் வெள்ளைப் பாலுக்குப் பதில் நீலப் பச்சை நிறப் பால் வடியும். அந்தப் பாலின் உலர் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நிக்கல் என்று டாங்கி ஜாஃப்ரே குழு 1976-இல் அறிவித்தபோது பலரால் நம்ப முடியவில்லை. அல்பேனியாவில் நிக்கல் மிகுந்த, வேறு பயிருக்கு உதவாத மண்ணில் அலிசம் வகைச் செடியைப் பயிரிட்டு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ நிக்கல் அறுவடை செய்து காட்டியிருக்கிறார்கள். மலேசியாவின் சபாவில் கண்டெடுத்த நிக்கல் செடி ஒன்று நம் நெல்லியும் கீழாநெல்லியும் சேர்ந்த பில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தத் துறையின் முன்னோடியான அமெரிக்க மண்ணியலாளர் ரூஃபஸ் சேனியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நிக்கலுக்கு விலை உண்டு. எரித்த சாம்பலே தாதுவாகிறது. ஆர்சனிக்குக்கும் குரோமியத்துக்கும் அந்த வசதி இல்லை.

பூஞ்சை நஞ்சை உண்மையாகவே அழிக்கும் இடமும் ஒன்று உண்டு. எண்ணெய், தார், டிடிடி பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்கள். மரத்தை வெண்மையாக அழுகச் செய்யும் பூஞ்சைகள், மரத்தின் கடினப் பொருளான லிக்னினை உடைக்க ஒருவகை நொதிகளைச் சுரக்கின்றன. லிக்னினின் அமைப்பு ஒழுங்கற்றது என்பதால் அந்த நொதிகளும் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் குறிவைப்பதில்லை. அகப்படும் வளைய அமைப்புகளையெல்லாம் தாக்கும். ஃபனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சை டிடிடி உள்ளிட்ட பிடிவாதமான மாசுகளை உடைப்பதை 1985-இல் 'சயின்ஸ்' இதழில் பம்ப்பஸ், ஆஸ்ட் குழு காட்டியது. நாம் வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளானும் இந்த வகையே. டீசல் சிந்திய மண்ணில் காளான் அறுத்து முடித்த வைக்கோலைக் கலப்பது பயனுள்ள வேலை. ஆனால் அந்த மண்ணில் முளைக்கும் காளானைச் சமைக்கக் கூடாது. காளான்கள் உலோகத்தைச் சேர்த்துக்கொள்வதில் வல்லவை. ஜெர்மனியின் பவேரியாக் காடுகளில் நிலத்தடிக் காளான்களைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியின் இறைச்சியில், செர்னோபில் நடந்து பல பத்தாண்டுகள் ஆகியும் சீசியம் அளவுக்கு மீறி இருப்பது இதனால்தான்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருகிறேன்.

வேலூர் வட்டாரத் தோல் தொழில் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பில், அந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது பதிவாகியிருக்கிறது. குடும்பங்களின் வாழ்வாதாரம் பறிபோன இந்த அளவுக்கான இழப்புக்கு இன்றுவரை முழுமையான பரிகாரம் கிடைக்கவில்லை. அதை எழுதும்போது கோபம் வராமல் இருக்காது. ஆனால் மண்ணைப் பொறுத்தவரை கோபத்தோடு கணக்கும் வேண்டும்.

உங்கள் மண்ணில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு: பெரணி அள்ளும் ஆர்சனிக் இல்லை, உப்பும் குரோமியமும். எல்லோரும் குரோமியத்தையே பேசுகிறார்கள். என் கணிப்பில் உங்கள் நெல்லைக் கொன்றது உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வரும். அதை ஊறவைத்துக் கழுவிய நீரோடு அந்த உப்பெல்லாம் வயலுக்கு வந்தது. உப்பிலுள்ள சோடியம் ஏறிய களிமண் ஈரத்தில் சேறாகக் குழைந்து, காய்ந்தால் பாளமாக இறுகும். நீர் இறங்காது, வேர் மூச்சுவிடாது. பெரணியோ பூஞ்சையோ சோடியத்தை அகற்றாது. ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரால் உப்பைக் கீழே இறக்கி, வடிகால் வெட்டி வெளியேற்ற வேண்டும். கிணற்று நீரே உப்பாக இருக்கும் இடத்தில் நல்ல தண்ணீர் என்பது மழைதான். வரப்பை உயர்த்தி மழையைத் தேக்குவது முதல் வேலை.

குரோமியத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று மதிப்புக் குரோமியம். மண்ணில் எளிதில் கரையாது, வேரைத் தாண்டி மேலே ஏறுவதும் மிகக் குறைவு. ஆறு மதிப்புக் குரோமியம் நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் விளைவிக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து மழைக்காலத்தில் மஞ்சளாக வடிவது இந்த ஆறு மதிப்பு வகை. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் என்ற சுற்றுச்சூழல் நிறுவனம் 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் நிலம் கழிவுநீர் பாய்ந்த நிலம் என்றால் பெரும்பகுதி மூன்று மதிப்பாகவே இருக்கும். அதைச் செடியால் வெளியே எடுக்க முயல்வது வீண் வேலை. எடுக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. அது ஆறு மதிப்பு வடிவமாக மாறாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அந்த மாற்றத்தைச் செய்யும் என்று 1979-இலேயே ரிச்சர்ட் பார்ட்லெட், புரூஸ் ஜேம்ஸ் என்ற மண்ணியலாளர்கள் காட்டினார்கள். எதிர்த்திசையில், மக்கிய கரிமப் பொருள் ஆறை மூன்றாக இறக்கும். ஆகவே தொழு உரமும் இலைமக்கும் இங்கே உரமாக மட்டும் இல்லை, மருந்தாகவும் பயன்படுகின்றன.

பூஞ்சைக்கு வேலை வருவது இங்கேதான். பெய்ஜிங்கில் சென் பாவ்டோங் குழுவினர் ஆறு மதிப்புக் குரோமியம் கலந்த மண்ணில் வேர்ப்பூஞ்சையோடு சேர்த்து வளர்த்த செடிகளில் ஒன்று அருகம்புல். பூஞ்சை சேர்ந்த அருகம்புல் குரோமியத்தைத் தாங்கி நன்கு வளர்ந்தது. பூஞ்சை இழைகள் குரோமியத்தைத் தம்மீதே பிடித்து முடக்குவதை அந்தக் குழு அடுத்த ஆய்வுகளில் காட்டியது. உப்பு மண்ணிலும் வேர்ப்பூஞ்சை செடிக்குத் தண்ணீரும் மணிச்சத்தும் கிடைக்க உதவுகிறது என்பது பல பயிர்களில் கண்ட உண்மை. தரிசை அருகம்புல்லால் மூடுங்கள். தூசி பறப்பதும் மண் அடித்துச் செல்லப்படுவதும் நிற்கும். பாக்கெட் பூஞ்சையைவிட உங்கள் மண்ணிலேயே தாக்குப்பிடித்து வாழும் பூஞ்சை மேலானது. வரப்போரத்தில் இப்போதும் பச்சையாக இருக்கும் புல்லின் அடிமண்ணை வேரோடு எடுத்து, தொட்டியில் மணலோடு கலந்து, அதில் சோளம் வளர்த்துப் பூ வரும்வரை விடுங்கள். பிறகு அந்த மண்ணையும் நறுக்கிய வேரையும் புல் நடும் குழியில் இடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் செடி பூஞ்சையை உள்ளே விடாது. உழுது கொண்டே இருந்தால் இழைகள் அறுந்துபோகும். இரண்டையும் தவிர்க்கவும்.

வரப்பு ஓரங்களில் வெட்டிவேர் வைக்கலாம். உப்பையும் உலோகத்தையும் தாங்கும். எடுக்கும் குரோமியத்தின் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும். அதனாலேயே ஒரு எச்சரிக்கை: அந்த வேரைத் தோண்டி விற்கவோ, குடிநீர்ப் பானையில் போடவோ கூடாது. அந்த நிலத்து அருகம்புல்லைச் சாறு பிழியவும் கொடுக்காதீர்கள். சீமைக்கருவேலம் தானாக வந்திருக்கும். அதே பேரினத்து மெஸ்கீட் மரம் ஆறு மதிப்புக் குரோமியத்தை உள்ளே எடுத்து மூன்றாக மாற்றுவதை டெக்சாஸின் எல் பாசோவில் கார்டியா டொரஸ்டே குழு எக்ஸ் கதிர் கொண்டு கண்டது. மரம் நிற்கும்வரை நல்லது. வெட்டி விறகாக எரித்தால், காரத்தன்மையுள்ள சாம்பலில் மூன்று மறுபடி ஆறாக மாற வாய்ப்புண்டு. அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கவோ வயலுக்கோ பயன்படுத்த வேண்டாம்.

இதெல்லாம் தொடங்கும்முன் மண்ணை அளக்க வேண்டும். மண் வள அட்டைக்காகச் செய்யும் வழக்கமான சோதனையில் குரோமியம் வராது. தனியாகக் கேட்டு, பணம் கட்டிச் செய்ய வேண்டியிருக்கும். மொத்தக் குரோமியம் என்ற ஒரே எண்ணோடு திரும்பி வராதீர்கள். ஆறு மதிப்புக் குரோமியத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். கூடவே கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன், களிமண் பிடித்துவைத்திருக்கும் சோடியத்தைக் காட்டும் பரிமாற்றச் சோடியம் சதவீதம். கழிவுநீர் நுழைந்த மூலை, வயலின் நடு, கடைமடை என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் மேல்மண்ணையும் முழங்கை ஆழத்து மண்ணையும் தனித்தனிப் பையில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் எந்த மூலை பிழைக்கும் என்பது தெரியாமல் போகும். கிணற்று நீரையும் அதே நாளில் கொடுங்கள். நீரில் ஆறு மதிப்புக் குரோமியம் தென்பட்டால், நிலத்தின் கதையைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதையும் மாட்டுக்குக் காட்டுவதையும் அன்றே நிறுத்துங்கள்.